நடுகற் படிகளும் கணினிக் கோப்புறைகளும்

சவ்வாது மலையின் அடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்ற நிலப்பகுதியாகும். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறிப்புகள் பல அந்நூலால் அறிஞர் கைக்கு எட்டின. இன்று இத்துறையிற் புகும் மாணாக்கர் மைப்படிகளையும் ஒளிப்படங்களையும் கணினியில் தொகுக்கின்றனர். தொகுத்தவற்றை முறைப்பட வைக்கும் வழியொன்றை ஈண்டு விளக்குவாம்.

கோப்புறைகளைச் சுட்டியால் ஒவ்வொன்றாக அமைத்தலும் கூடும். ஆயின், அரசன், ஊர், கல் எனப் பல அடுக்குகள் வேண்டுமிடத்துத் தட்டச்சுக் கட்டளையே விரைவுடையது. எம், கே, டி, ஐ, ஆர் என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடையீடின்றித் தட்டி, ஓரிடைவெளி விட்டுப் பெயரை எழுதி, நுழைவு விசையை அழுத்தினால் அப்பெயரில் கோப்புறை தோன்றும். யூனிக்ஸில் வழங்கிய இக்கட்டளை 1983-இல் எம்எஸ்-டாஸ் 2.0 வாயிலாக மேசைக் கணினிக்கு வந்தது.

அடுக்குகளை ஒரே கட்டளையில் அமைத்தலும் எளிது. விண்டோசில் பெயர்களைப் பின்சாய்கோட்டாற் பிரித்தெழுதினால் இடைப்பட்ட உறைகளும் உடன் அமையும். லினக்சில் முன்சாய்கோட்டாற் பிரிப்பதோடு, கட்டளையை அடுத்து ஓரிடைவெளி விட்டுக் கழித்தற்குறியும் பி என்னும் சிற்றெழுத்தும் சேர்த்தல் வேண்டும்.

தமிழ்ப் பெயரிடுவோர் கருத வேண்டுவன நான்கு. முதலாவது, இடைவெளி. 'சிங்க விண்ணன்' எனப் பிரித்தெழுதின் கணினி அதனை இரு பெயராகக் கொண்டு இரண்டு உறைகளை அமைத்துவிடும். பெயரை இரட்டை மேற்கோட்குறிக்குள் இடுதல் வேண்டும். இரண்டாவது, நீளம். லினக்சில் பொதுவாக ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளுமாதலின் 85 குறியெண்களே அடங்கும். கல்வெட்டு வாசகத்தைப் பெயராக்க முயலுதல் பயன்படாது. மூன்றாவது, வரிசை. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. குறியெண்வழி அடுக்கும் கணினியில் நெடுங்கணக்கு முறை பிறழும். பெயருக்கு முன் 01, 02 என எண் இடுதல் இதற்குத் தீர்வாகும்.

நான்காவதே தலையாயது. ஆநிரையைக் குறிக்கும் 'தொறு' என்னும் சொல் நடுகற்களிற் பயில்வது. இதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்ணாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோசிலும் லினக்சிலும் அவை பொதுவாக வெவ்வேறு பெயர்களாம். எனவே, இரு விசைப்பலகை முறைகளாற் பணிபுரியும் இருவர் 'தொறு' என ஒரே பெயரில் இரண்டு உறைகளை அமைத்தல் கூடும். ஒன்றை மட்டும் திறந்து எண்ணுவோன், மற்றதிலுள்ள கற்களைக் காணாமலே, சான்று இவ்வளவே என்று முடிபு கூறுவான். அம்முடிபு பிறர் நூலிலும் ஏறும்.

ஆகவே, ஒரு தொகுப்புக்கு ஒரு விசைப்பலகை முறையே கொள்க. பெயர்ப்பட்டியலை முன்னரே வரைந்து, எல்லா உறைகளையும் ஒருவரே ஒருங்கு அமைத்திடுக. கல்லைப் படிப்பதிற் கொள்ளும் கவனம் கல்லின் படியை வைப்பதிலும் வேண்டும்.