எழுதிக் கொடுங்கள், மாணவர்களே

இன்டர்னல் மார்க்கில் கைவைத்துவிட்டார்கள், ஸ்காலர்ஷிப் பணம் வரவில்லை, விடுதித் தண்ணீர் நாறுகிறது, வேறு கல்லூரிக்குப் போகலாமென்றால் டிசி தர மறுக்கிறார்கள். இப்படி ஏதாவது நேர்ந்தால் நம் பிள்ளைகள் வகுப்பாசிரியரிடம் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். அவர் ‘பார்க்கலாம்’ என்பார். எச்.ஓ.டி. அறை வாசலில் ஒரு மதியம் முழுக்க நிற்பார்கள். அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் கொதிப்பார்கள். செமஸ்டர் முடிந்துவிடும். புகார் சொன்னதற்கு ஒரு துண்டுத் தாள்கூடக் கையில் இருக்காது.

இதே கல்லூரிகளில்தான் தலைமைப் பண்புப் பயிலரங்குகள் நடக்கின்றன. மன உறுதி பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் தனக்கு நேர்ந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, உரியவரிடம் கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் கேட்கும் பழக்கத்தை யார் சொல்லிக்கொடுப்பது? அநியாயத்தைப் பொறுத்துக்கொள் என்பதையே மன உறுதி என்று பிள்ளைகள் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023 ஏப்ரலில் அறிவித்த ஒழுங்குமுறைகளின்படி உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் குறைதீர் குழு இருந்தாக வேண்டும். தலைவரையும் சேர்த்து ஐந்து ஆசிரியர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது பட்டியலினம், பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவருக்கும் இடமுண்டு. உங்கள் கல்லூரியில் அந்த மாணவர் யார்? கிளாஸ் ரெப்பாக இருப்பவர்கள் முதல்வரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இனி மனு. பெறுநர்: தலைவர், மாணவர் குறைதீர் குழு. நகல்: கல்லூரி முதல்வர். உங்கள் பெயர், பதிவெண், துறை, ஆண்டு. என்ன நடந்தது, எந்தத் தேதியில், யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதை நாள் வரிசையில் எழுதுங்கள். ஒரு மனுவுக்கு ஒரு குறை போதும். விடுதிச் சாப்பாட்டையும் இன்டர்னல் மார்க்கையும் ஒரே தாளில் போட்டால் இரண்டுமே அமுங்கிப்போகும். என்ன தீர்வு வேண்டும் என்பதைக் கடைசி வரியில் நேராகக் கேளுங்கள். ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று மட்டும் முடித்தால் அவர்களுக்கு நழுவ வசதி. ஃபீஸ் ரசீது, மார்க் ஷீட், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் நகல் இணையுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அலுவலகத்தில் வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி இணையதளத்தில் புகாருக்கான பக்கம் இருந்தால் அதிலும் பதிந்து, திரையைப் படமெடுத்து வையுங்கள்.

வாய்ச்சொல்லாகப் புகார் கொடுக்காதீர்கள். எழுத்தில் இல்லாத புகாரை ‘வரவேயில்லை’ என்று சொல்லிவிடுவது மிக எளிது.

புகார் கிடைத்ததிலிருந்து கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் குழு பரிந்துரையுடன் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால், அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்களுடையது இணைப்புக் கல்லூரி என்றால், அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ அங்கே. ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி அந்தப் பொறுப்பில் இருப்பார். 30 நாட்களுக்குள் தீர்க்க அவர் முயல வேண்டும். மேல்முறையீட்டுக்கான பதினைந்து நாளைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முடிவு வந்த அன்றே காலண்டரில் குறித்துவையுங்கள்.

விடைத்தாள் மறுமதிப்பீடு மட்டும் கேட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகாதீர்கள். முடிவைப் பாதித்த குறிப்பான முறைகேடோ பாகுபாடோ காட்டினால்தான் எடுத்துக்கொள்வார்.

பல்கலைக்கழகங்களின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். குறைதீர்ப்பாளரையே நியமிக்காதவை என்று 2024 ஜூனில் யுஜிசி வெளியிட்ட பட்டியலில் 157 பல்கலைக்கழகங்கள் இருந்தன. விதி வந்து ஓராண்டுக்கு மேலாகியும் இந்த நிலை! உங்கள் பல்கலைக்கழகத்தில் அவர் யார் என்று தெரியாவிட்டால் பதிவாளருக்கு எழுதிக் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம்.

சான்றிதழ் விஷயத்தில் பெற்றோர் அநியாயத்துக்குப் பயப்படுகிறார்கள். மிச்ச ஆண்டுகளின் ஃபீஸைக் கட்டினால்தான் அசல் சான்றிதழ் என்று எந்தக் கல்லூரியும் பிடித்துவைக்க முடியாது. படிக்க விரும்பாத படிப்புக்குப் பணம் வசூலிக்க ஆவணங்களை நிறுத்திவைப்பதை 2023 விதிகளே குறையாகப் பட்டியலிட்டிருக்கின்றன. ஃபீஸ் பாக்கிக்கு ஈடாகச் சான்றிதழை வைத்துக்கொள்வதைச் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டித்திருக்கிறது. சேரும்போதே அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எவற்றைக் கொடுத்தீர்கள் என்று வரிசையிட்டுக் கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள்.

ராகிங், பாலியல் தொல்லை இரண்டுக்கும் இந்த 15 நாள் கணக்கு பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ராகிங்குக்கு 1800-180-5522 என்ற இலவச எண் இரவும் பகலும் இயங்குகிறது. மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பின் தமிழ்நாடு கொண்டுவந்த 1997 சட்டப்படி ராகிங் செய்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பாலியல் தொல்லைக்குக் கல்லூரியின் உள்ளகக் குழுவில் மூன்று மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்; காவல் நிலையத்துக்கு நேரே போகவும் தடையில்லை.

மனம் தாங்காமல் தூக்கம் கெட்டால், உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால், மனுவை ஓரமாக வைத்துவிட்டு உடனே 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு சேவை அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரியில் அவர் இல்லையென்றால், அதுவும் குறைதீர் குழுவில் கொடுக்க வேண்டிய புகார்தான். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, எழுத்தில் கொடுங்கள்.