பிளாஸ்டிக் ரோபோவுக்குப் பொன்மேனி

ஒரே ரோபோ. ஒரே அச்சில் வார்த்த கை, கால், தலை. ஆனால் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைக்கிறார். ஒன்று சாதாரணப் பதிப்பு. மற்றதில் ‘ஸ்பெஷல் கோட்டிங்’ என்றோ ‘டைட்டானியம் ஃபினிஷ்’ என்றோ எழுதியிருக்கும். இரண்டாவதற்கு விலை பல வெள்ளி கூடுதல். மலாக்கா நகரத்துப் பேரங்காடிக்கு வருகிற பிள்ளைகளுக்கும், ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இருந்தபடியே கைப்பேசியில் ஆர்டர் போடுகிற பிள்ளைகளுக்கும் இந்த வித்தியாசம் அத்துப்படி. காசு கொடுக்கும் அப்பாவுக்குத்தான் விளங்காது: “மேல பூசின சாயத்துக்கா இவ்வளவு வெல?”

நியாயமான கேள்விதான். ஆனால் பூசியிருப்பது எப்போதும் சாயம் அல்ல.

‘கன்டம்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் 1979இல் வந்தது. அதன் ராட்சத ரோபோவை பண்டாய் நிறுவனம் 1980 ஜூலையில் பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்றது. விலை 300 யென். கதையில் 18 மீட்டர் உயரமுள்ள ரோபோ 144இல் ஒரு பங்காகச் சுருங்கி, மேசை மேல் பன்னிரண்டரை சென்டிமீட்டரில் நின்றது. அந்த வகைப் பொம்மைகளை ரசிகர்கள் ‘கன்பிளா’ என்கிறார்கள். பாகங்கள் ‘ரன்னர்’ என்னும் சட்டத்தில் ஒட்டியபடி வரும். நிப்பர் என்னும் சிறு வெட்டுக்குறடால் வெட்டி எடுத்துப் பொருத்த வேண்டும். இன்றைய பெட்டிகளுக்குப் பசை கூடத் தேவையில்லை.

பாகங்களில் பெரும்பாலானவை பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக். உருகினால் அச்சின் சந்துபொந்தெல்லாம் ஓடும். ஆறினால் மயிரிழைக் கோட்டையும் அப்படியே காட்டும். இந்தப் பாலிஸ்டைரினுக்கும் மலாக்காவுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

தான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், அடுத்து புக்கிட் அசஹானிலும் கித்தா என்கிற ரப்பர் மரங்களை வணிகத்துக்காக நட்டார். மலாயாவில் அதற்கு முன் யாரும் அந்த அளவில் துணியவில்லை. பிறகு தோட்டங்கள் பெருகின. பால் வெட்ட நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட காலம் அது. அதே நேரத்தில் அமெரிக்கா பியூட்டாடையீன், ஸ்டைரின் என்ற இரண்டு வேதிப்பொருட்களைச் சேர்த்துச் செயற்கை ரப்பர் செய்ய முனைந்தது. 1941இல் வெறும் சில நூறு டன்னாக இருந்த அந்த உற்பத்தி, 1945இல் மாதத்துக்கு 70,000 டன் ஆனது.

போர் முடிந்தது. ஸ்டைரின் ஆலைகளோ ஓடிக்கொண்டிருந்தன. உபரி ஸ்டைரினைப் பாலிஸ்டைரினாக்கிச் சந்தையில் இறக்கினார்கள். ஜெர்மானியர்கள் அதைப் போருக்கு முன்பே தயாரித்துவந்தார்கள் என்றாலும், சீப்பும் பொம்மையும் செய்கிற அளவுக்கு மலிவானது இப்போதுதான். மலாயாக் கித்தா கிடைக்காமல் போனதால் வீங்கிய ஒரு தொழில், பொம்மையாக மலாக்காவுக்கே திரும்பி வந்திருக்கிறது. இதை எந்தப் பெட்டியிலும் அச்சடித்திருக்க மாட்டார்கள்.

இனி மேல்பூச்சு. கண்ணாடி போல் மின்னும் பதிப்புகளில் இருப்பது அலுமினியம். பாகங்களுக்கு முதலில் ஒரு வழவழப்பான வார்னிஷ் பூசி, அவற்றை ஒரு பெரிய கலத்துக்குள் மாட்டி, காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். உள்ளே டங்ஸ்டன் கம்பியில் அலுமினியத் துண்டுகள் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அவை 660 டிகிரியில் உருகி, ஆயிரம் டிகிரியையும் தாண்டி ஆவியாகின்றன. சோற்றுப்பானை மூடியில் நீராவி படிவது போல, அந்த உலோக ஆவி குளிர்ந்த பிளாஸ்டிக்கின் மேல் படிந்து உறைகிறது.

காற்றை ஏன் எடுக்க வேண்டும்? சாதாரணக் காற்றில் ஓர் அணு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் போவதற்குள் இன்னொன்றின் மேல் முட்டிக்கொள்ளும். வெற்றிடத்தில் மீட்டர் கணக்கில் நேராகப் பறக்கும். நேராக மட்டுமே பறக்கும் என்பதால் பாகத்தின் மறுபக்கம் நிழலில் தங்கிவிடும். அதனால் பாகங்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

எனக்கு இதில் பெரிய வியப்பு வேறு. பாலிஸ்டைரின் 100 டிகிரி அளவிலேயே இளகிவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட ஆவி அதன் மேல் விழுந்தும் அது ஏன் உருகவில்லை? படிகிற உலோகம் அவ்வளவு சொற்பம் என்பதுதான் காரணம். நூறு நானோமீட்டர் கனத்தில், அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பை மூட 0.27 கிராம் அலுமினியம் போதும். அந்தச் சொற்ப உலோகம் கொண்டுவரும் வெப்பம் பிளாஸ்டிக்கை வளைக்கக் காணாது. ஆனாலும் விழும் வெளிச்சத்தில் சுமார் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்ப அந்தப் படலமே போதும்.

இது பொம்மைக்காகப் பிறந்த வித்தை அல்ல. ஜான் ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 1930களில் தொலைநோக்கி ஆடிகளுக்காக இதை வளர்த்தெடுத்தார். தமிழ்நாட்டில் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடிக்கும் இதே முறையில்தான் அலுமினியம் பூசுகிறார்கள். விண்மீன் ஒளியைப் பிடிக்கும் அதே படலம்தான் பொம்மை ரோபோவின் மார்பிலும் இருக்கிறது.

அப்படியானால் தங்க ரோபோ? கன்டம் கதைகளில் ஹியாக்கு ஷிகி என்றொரு பொன்னிற ரோபோ உண்டு. முலாம் பூசிய அதன் பதிப்புகளுக்கு ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். இந்த வகைப் பொன்முலாமில் பொன் இருப்பதில்லை. அலுமினியப் படலத்தின் மேல் மஞ்சள் கலந்த தெளிந்த வார்னிஷ். அது நீல ஒளியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. அசல் தங்கமும் நீலத்தை விழுங்குவதால்தான் மஞ்சளாகத் தெரிகிறது. கண் ஏமாறுவதில் வியப்பில்லை. மலாக்காவின் பொற்கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் எமாஸின் பழைய தட்டார்கள் இதை உரைகல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்துச் சிரித்திருப்பார்கள்.

எல்லாப் பதிப்பும் கண்ணாடி மாதிரி இராது. சிலவற்றில் நுண்ணிய உலோகச் செதில்கள் கலந்த பூச்சு. சிலவற்றில் முத்து மினுக்கு. முத்து மினுக்குக்கு அப்பிரகச் செதில்களின் மேல் டைட்டானியம் டையாக்சைடு ஏற்றுகிறார்கள். அந்த ஏடு மெலிதாக இருந்தால் வெள்ளி நிறம்; கனம் கூடக் கூடப் பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறும். சாயம் ஒரு துளிகூட இல்லை. ‘டைட்டானியம் ஃபினிஷ்’ என்ற பெயரோ உலோகச் சாயலைச் சொல்வது மட்டுமே. பெட்டிக்குள் இருப்பது பிளாஸ்டிக்தான்.

இந்த அழகுக்கு விலை காசு மட்டுமல்ல. ரன்னரிலிருந்து வெட்டிய இடத்தில் பூச்சு போய், அடிப் பிளாஸ்டிக் பல்லிளிக்கும். சாதாரணப் பதிப்பில் உப்புத்தாள் தேய்த்துச் சரிசெய்யலாம். இங்கே தேய்த்தால் காயம் பெரிதாகும். அதனால் நல்ல பதிப்புகளில் வெட்டுவாய் பாகத்தின் அடியில் மறையும்படி அச்சை அமைக்கிறார்கள். பசை ஒட்ட வேண்டுமானால் அந்த இடத்தில் பூச்சைச் சுரண்டியாக வேண்டும். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பான் போட்டுத் துடைக்கவே கூடாது. அலுமினியம் கரைந்து, சற்று நேரத்தில் ரோபோ வெறும் பிளாஸ்டிக்காக நிற்கும். பூசியது பிடிக்கவில்லை என்று அதை வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு.

எனவே பிள்ளைக்கு முதல் பெட்டி வாங்குகிறவர்கள் சாதாரணப் பதிப்பையே வாங்குங்கள். மிச்சக் காசுக்கு நல்ல நிப்பர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கை பழகி, வெட்டுத் தடம் தெரியாமல் ஒரு ரோபோவை முடித்த பிறகு பூச்சுப் பதிப்பைக் கேட்டால், கேட்கிற விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.