நோயாளியின் இரகசியமும் துணைவரின் பாதுகாப்பும்

நோயாளியைப் பற்றித் தாம் அறிந்ததை மருத்துவர் பிறரிடம் வெளியிடலாகாது என்பது மருத்துவத் தொழிலின் பழமையான விதியாகும். இந்நம்பிக்கை இல்லாவிடில் நோயாளி உண்மையை மறைப்பார். அல்லது மருத்துவமனையை நாடவே மாட்டார். ஆனால் அவ்விரகசியமே வேறொருவருக்கு ஆபத்தாக முடியுமானால் மருத்துவர் செய்யத்தக்கது யாது? எச்.ஐ.வி. தொற்றில் இக்கேள்வி மிகக் கடுமையாக எழுகிறது.

1998-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றை விசாரித்தது. இரத்தம் அளிக்க முன்வந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. செய்தி வெளிப்பட்டதால் நிச்சயிக்கப்பட்டிருந்த அவரது திருமணம் நின்றுபோயிற்று. மணப்பெண்ணின் உயிர்வாழும் உரிமையே அவரது இரகசிய உரிமையினும் மேம்பட்டது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகையோரின் மணவுரிமையைப் பற்றி அப்போது கூறப்பட்ட கருத்துக்கள் அவ்வழக்கிற்குத் தேவையற்றவை என 2002-இல் அந்நீதிமன்றமே தெளிவுபடுத்தியது.

பின்னர் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எயிட்ஸ் தடுப்புச் சட்டம் இதற்கு நெறி வகுத்தது. துணைவருக்குத் தெரிவிக்கும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே உண்டு, களப்பணியாளருக்கு இல்லை. அவர்களும் உடனே தெரிவித்துவிட இயலாது. துணைவருக்குக் கணிசமான அபாயம் உண்டென்று நம்பக் காரணம் வேண்டும். தாமே தெரிவிக்குமாறு நோயாளிக்கு அறிவுரை கூறியிருக்கவேண்டும். அவர் தெரிவிக்கப் போவதில்லை என்பது உறுதிப்படவேண்டும். தாம் தெரிவிக்கவிருப்பதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும். அதன்பின் துணைவருக்கும் ஆலோசனை கூறி, நேரிலேயே தெரிவிக்கவேண்டும். கடிதமோ, மூன்றாமவர் வாய்ச்சொல்லோ கூடாது.

நோயாளி பெண்ணாயின் நிலைமை வேறு. கர்ப்பகாலப் பரிசோதனையில் மனைவிக்கே தொற்று முதலில் தெரியவருவது உண்டு. கணவரிடமிருந்து அது வந்திருப்பினும், முதலில் அறியப்பட்டவள் என்பதனாலேயே பழி அவள்மீது விழுகிறது. அடி, உதை, வீட்டைவிட்டு விரட்டுதல் ஆகியன நேரலாம் என்று அஞ்சத் தக்க காரணம் இருப்பின், அவளது கணவருக்கு மருத்துவர் தெரிவிக்கலாகாது என்று சட்டம் தடுக்கிறது. அப்போது கணவரின் பாதுகாப்பு என்னாவது? சட்டம் இதற்கு முழு விடை தரவில்லை என்றே சொல்லவேண்டும். ஆலோசகர் பொறுமையுடன் பலமுறை பேசி, இருவரையும் ஒருசேரப் பரிசோதனைக்கு வரச் செய்வதே நடைமுறையில் உதவும் வழி.

மருத்துவமும் இச்சிக்கலின் கடுமையை ஓரளவு குறைத்துள்ளது. மருந்துகளை நாள் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலையிலேயே நீடிக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவின் வாயிலாகத் தொற்று பரவுவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எனவே நோயாளி சிகிச்சையில் நிலைத்திருப்பதே துணைவருக்கும் காப்பாகிறது. அவசரப்பட்டு இரகசியத்தை வெளியிட்டால் அவர் சிகிச்சையையே கைவிடக்கூடும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பள்ளியில் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கோருவதைச் சட்டம் தடைசெய்கிறது. மாத்திரை வேளையை முன்னிட்டுப் பெற்றோர் ஆசிரியரிடம் மட்டும் குழந்தையின் நிலையைக் கூறியிருந்தால், அதனைப் பெற்றோர் சம்மதமின்றிச் சக ஆசிரியரிடமும் சொல்லலாகாது.