செவிலியர் மாணவியும் தடுப்பூசியும்

நீலகிரிக்கும் தடுப்பு மருந்துக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. 1907-ஆம் ஆண்டு குன்னூரில் தொடங்கப்பெற்ற பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரித்தது. பிற்காலத்தில் குழந்தைகளுக்கான முத்தடுப்பு மருந்தும் அங்கே உருவாயிற்று. ஆயினும் மருந்து குப்பியில் இருந்தால் போதாது. குழந்தையின் உடலைச் சென்றடைய வேண்டும். அதற்குத் துணை நிற்பவர் செவிலியர்.

பயிற்சிக் காலத்தில் செவிலியர் மாணவிகள் சிற்றூர்களுக்கும் தோட்டக் குடியிருப்புகளுக்கும் வருகின்றனர். அவர்களும் நம் வீட்டுப் பெண்களே. ஊரில் உலவும் வதந்திகள் அவர்கள் செவியிலும் விழும். 2017 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, கைப்பேசிவழிப் பரவிய பொய்ச் செய்திகளால் பெற்றோர் பலர் தயங்கியதை நாம் அறிவோம். ஆகவே மாணவியின் உள்ளத்தில் ஐயம் எழுந்தால் அதைக் குற்றமாகக் கருதலாகாது. பயிற்சியிலேயே தீர்த்துவைத்தல் வேண்டும். தனக்கே தெளிவில்லாதவர் பிறரைத் தெளிவிப்பது எங்ஙனம்?

"ஊசி போட்டால் காய்ச்சல் வருமே, நர்சம்மா?" என்று கொழுந்து பறிக்கும் தாய் கேட்கிறாள். குழந்தை காய்ச்சலில் கிடந்தால் அவளுக்கு ஒரு நாட்கூலி போய்விடும். "ஒன்றும் வராது" என்று மாணவி சொல்லிவிட்டால், காய்ச்சல் கண்ட தாய் அடுத்த தவணைக்கு வரமாட்டாள். ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியை 6, 10, 14-ஆம் வாரங்களில் மூன்று முறை போட்டாக வேண்டும். "ஓரிரு நாள் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வரலாம், உடல் நோயை எதிர்க்கப் பழகுகிறது. வலிப்போ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே மருத்துவரிடம் வாருங்கள்" என்று உள்ளதைச் சொல்பவரையே தாய் நம்புவாள்.

"நீங்கள் போட்டுக்கொண்டீர்களா?" என்பது அடுத்த கேள்வி. நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறிக் குத்தினால் மஞ்சட்காமாலை 'பி' தொற்றக்கூடும். ஆதலால் மாணவிகள் அதற்குரிய மூன்று தவணைகளையும் போட்டுக்கொள்வது அவர்களுக்குக் காப்பு, ஊருக்கும் முன்மாதிரி.

பஞ்சாயத்து உறுப்பினர் செய்யத்தக்கவை சில உண்டு. மறுநாள் விடுமுறையாக அமையும் நாளில் ஊசி முகாம் நடத்துமாறு சுகாதார நிலையத்தாரைக் கேட்கலாம். மாணவிகளைக் கிராம சபைக்கு அழைத்து, மக்கள் தம் ஐயங்களைக் கூச்சமின்றிக் கேட்க வகை செய்யலாம். ஊசி போட்டபின் தாயும் சேயும் அரை மணி நேரம் தங்கியிருக்க நிழலும் குடிநீரும் ஏற்பாடு செய்யலாம்.

2011 ஜனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கையாகப் பரவும் இளம்பிள்ளை வாதக் கிருமியால் எக்குழந்தையும் முடமானதாகக் கண்டறியப்படவில்லை என்பதால், 2014-இல் இந்தியா அந்நோயற்ற நாடென்று சான்று பெற்றது. வீடு வீடாகச் சென்ற ஊழியர்களின் சொல்லை மக்கள் நம்பியதன் பயன் அது. அந்நம்பிக்கையை நாளைய செவிலியரிடம் வளர்ப்பது நம் அனைவரின் கடமையாகும்.