உடைந்த பல்லுக்கான மருத்துவக் கட்டணக் குறியீடுகள்

உடைந்த பல்லுக்கான மருத்துவக் கட்டணக் குறியீடுகள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவில் பல் முறிவு முதலிய பல் நோய்களையும் அவற்றுக்கு அளிக்கப்படும் சிகிச்சைகளையும் காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப் பயன்படும், எழுத்தும் எண்ணும் கலந்த குறிகள் ஆகும். இவற்றுள் ஒரு வகை நோயைக் குறிக்கும். மற்றொரு வகை மருத்துவர் செய்த வேலையைக் குறிக்கும். அந்நாட்டில் மருத்துவக் காப்பீடும் பல் காப்பீடும் பெரும்பாலும் தனித்தனி ஒப்பந்தங்களாக உள்ளன. ஆகையால் பல் எவ்வாறு உடைந்தது என்பதைக் காட்டும் குறியீடு, செலவை எந்தக் காப்பீடு ஏற்கும் அல்லது நோயாளியே ஏற்க வேண்டுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

நோய்க் குறியீடுகள்

உலக சுகாதார அமைப்பின் நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்கா உருவாக்கிய ஐ.சி.டி-10-சி.எம் என்னும் தொகுதி, 2015 அக்டோபர் 1 முதல் அங்கு நடைமுறையில் உள்ளது. இதில் உடைந்த பல்லுக்கு ஒரே குறியீடு இல்லை. அடிபட்டு உடைந்த பல் எஸ் 02.5 என்னும் குறியீட்டைப் பெறும். அடி எதுவும் படாமல் விரிசல் கண்ட பல் கே 03.81 ஆகும். பல் நன்றாக இருந்து, அதில் முன்பு வைத்த அடைப்புப் பொருள் மட்டும் உடைந்திருந்தால் கே 08.53 என்னும் பிரிவு பயன்படும். முதல் இரண்டையும் ஒரே பல்லுக்குச் சேர்த்து எழுத இயலாது, எஸ் 02.5-இன் கீழேயே கே 03.81 விலக்கப்பட்டுள்ளது.

'எஸ்' எழுத்தில் தொடங்குபவை காயங்களுக்கு உரியவை. 'கே' எழுத்தில் தொடங்குபவை செரிமான மண்டல நோய்களுக்கு உரியவை. வாய் செரிமானப் பாதையின் தொடக்கம் என்பதால் பல் நோய்கள் குடல் நோய்களோடு ஒரே அத்தியாயத்தில் அமைந்துள்ளன. அடிபட்ட பல்லோ மண்டையோடு, முக எலும்பு ஆகியவற்றின் முறிவுகளோடு வைக்கப்பட்டுள்ளது. 2015-க்கு முன்பிருந்த ஐ.சி.டி-9-சி.எம் தொகுதியில் அதே பல் 873.63 என்னும் எண்ணுடன் தலையின் திறந்த காயங்களுக்குள் இடம்பெற்றிருந்தது.

எஸ் 02.5 முழுமையான குறியீடு அன்று. அது ஏழு இடங்கள் கொண்டதாக இருத்தல் வேண்டும். ஐந்தாம், ஆறாம் இடங்களை நிரப்ப 'எக்ஸ்' எழுத்து இருமுறை இடப்படும். ஏழாம் எழுத்து சிகிச்சையின் கட்டத்தைக் காட்டும். மூடிய முறிவுக்குத் தீவிர சிகிச்சை நடக்கும் கட்டமாயின் 'ஏ', திறந்த முறிவாயின் 'பி', இயல்பாக ஆறிவரும் பின்கட்டமாயின் 'டி' என எழுதப்படும். திறந்ததா மூடியதா என்று மருத்துவர் குறிப்பிடாவிடில் மூடியதாகவே கொள்ளப்படும். இந்த எழுத்துகள் எலும்பு முறிவை எண்ணி வகுக்கப்பட்டவை. உடைந்த பற்சிப்பி எலும்பைப் போல மீண்டும் வளர்ந்து கூடுவதில்லை என்பதால், பல்லுக்கு இவை அவ்வளவு பொருத்தமாக இல்லை.

மாறாக, பல் மருத்துவர் முதலில் அறிய விரும்பும் செய்தி இக்குறியீட்டில் இல்லை. முறிவு பற்சிப்பியோடு நின்றதா, பற்கூழ் வரை சென்றதா, வேரைப் பிளந்ததா என்பதை அது கூறாது. உலக சுகாதார அமைப்பு பல் மருத்துவத்துக்கென வெளியிட்ட தனித் தொகுதியின் 1995-ஆம் ஆண்டுப் பதிப்பில் இவை எஸ் 02.50, எஸ் 02.52, எஸ் 02.53 எனப் பிரிக்கப்பட்டுள்ளன. அமெரிக்கத் தொகுதி அப்பிரிவுகளை ஏற்கவில்லை. ஆயினும் பற்சொத்தைக்கு அதுவே ஆழத்தைக் கேட்கின்றது. கடிக்கும் பரப்பின் பள்ளங்களில் தோன்றும் சொத்தை பற்சிப்பியோடு நின்றால் கே 02.51, டென்டைன் வரை சென்றால் கே 02.52, பற்கூழை எட்டினால் கே 02.53 ஆகும். இடம் பெயர்ந்த பல்லுக்கு எஸ் 03.2, வெளிவராது புதைந்த பல்லுக்குக் கே 01.1, வேர் நுனியில் புரை இல்லாத சீழ்க்கட்டிக்குக் கே 04.7 என்பன அடிக்கடி வரும் பிற குறியீடுகள்.

சிகிச்சைக் குறியீடுகள்

செய்த வேலையைக் குறிக்க அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் பராமரிக்கும் சி.டி.டி தொகுதி பயன்படுகின்றது. இதன் முதல் வடிவம் 1969-இல் வெளிவந்தது. 2000-இல் மின்வழிக் கோரிக்கைகளுக்குரிய நாட்டுத் தரமாக அரசு இதனை ஏற்றது. ஒவ்வொரு குறியீடும் 'டி' எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. பீங்கான் உறை இடுதல் டி 2740, கடைவாய்ப்பல்லின் வேர்ச் சிகிச்சை டி 3330, முளைத்த பல்லைப் பிடுங்குதல் டி 7140, விபத்தில் கழன்ற பல்லை மீண்டும் பொருத்துதல் டி 7270 ஆகும். எந்தப் பல் என்பதை நோய்க் குறியீடோ சிகிச்சைக் குறியீடோ சொல்வதில்லை. அதற்குப் படிவத்தில் பல்லின் எண் தனியே எழுதப்படும். அமெரிக்க முறையில் நிலைப்பற்கள் 1 முதல் 32 வரை எண்ணப்படும். மேல் வலது நடு வெட்டுப்பல் 8 ஆகும்.

பல் காப்பீட்டுக்கான படிவத்தில் நோய்க் குறியீட்டுக்கு நெடுங்காலம் இடமே இருக்கவில்லை. 2012-ஆம் ஆண்டுப் படிவத்தில்தான் நான்கு நோய்க் குறியீடுகள் வரை எழுத இடம் தரப்பட்டது. மருத்துவக் காப்பீட்டுக்கு அனுப்பும் படிவத்திலோ நோய்க் குறியீடு இன்றியமையாதது.

செலவை ஏற்பவர்

மிதிவண்டியிலிருந்து விழுந்த சிறுவனின் முன்பல் உடைந்ததாகக் கொள்வோம். எஸ் 02.5 குறியீட்டுடன், விழுந்த விதத்தைக் காட்டும் புறக்காரணக் குறியீடும் சேர்த்து அனுப்பப்பட்டால், விபத்துக் காயம் என்ற முறையில் மருத்துவக் காப்பீடு அதனை ஏற்க வாய்ப்புண்டு. அதே அளவு உடைந்த பல், கடினமான பண்டத்தைக் கடித்ததால் உடைந்திருந்தால் நிலை வேறு. மெல்லும்போதும் கடிக்கும்போதும் ஏற்படும் சேதம் விபத்தாகாது எனப் பல மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் வரையறுக்கின்றன. பல் காப்பீடு இல்லாதவர் அப்போது முழுச் செலவையும் தாமே ஏற்க நேரிடும். பணம் பெறுவதற்காகக் காரணத்தை மாற்றி எழுதுவது மோசடி ஆகும். அரசுத் திட்டங்களைப் பொறுத்தவரை 1863-ஆம் ஆண்டின் பொய்க் கோரிக்கைச் சட்டம் இதற்குப் பொருந்தும்.

முதியோருக்கான மெடிக்கேர் திட்டத்தில் தடை இன்னும் கடுமையானது. 1965-இல் இயற்றப்பட்ட அதன் சட்டமே பல்லைப் பேணுதல், அடைத்தல், பிடுங்குதல், மாற்றுதல் ஆகியவற்றுக்குப் பணம் தருவதை விலக்குகின்றது. தாடை முறிவைச் சீர்செய்யும்போது பற்களைக் கம்பியால் கட்டுதல் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே இருந்தன. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கும் இதய வால்வு மாற்றத்துக்கும் முன் வாயிலுள்ள தொற்றை நீக்கும் சிகிச்சைக்குப் பணம் தரலாம் என்பது 2023 முதல் விதிகளில் தெளிவாக்கப்பட்டது. தனியே உடைந்த ஒரு பல் இவ்விதிவிலக்குகளுள் அடங்காது.