செய்திப் பொதியும் காலக் குறியும்

ஆனைமங்கலச் செப்பேடு, முதலாம் இராசராசனது ஆணை பிறந்த நாளை 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாள் என்றும், அது வரியிலிடப்பெற்ற நாளை 96ஆம் நாள் என்றும் தனித்தனியே குறித்தலை நாம் அறிவோம். ஆணை நான்கு நாள் எங்கே தங்கிற்று என ஆராய இவ்விரு குறிகளே இடந்தருகின்றன.

கணினி வழிச் செய்திக்கும் இது பொருந்தும். காஞ்சிபுரத்து நெசவாளர் சங்கமொன்று விடுத்த செய்தி தாமதித்தது என்க. குற்றம் கணினியினதா, வழியினதா? லினக்ஸ் இயக்க அமைப்பு, டிசிபி முறையிற் செல்லும் பொதி வரிசையிற் புகும்போதும், வலையட்டையின் இயக்கியை அடையும்போதும், அட்டையை விட்டு நீங்கும்போதும், பெற்றமைக்கு ஒப்புகை வரும்போதும் காலங்குறிக்க வல்லது. முன்னர் ஒவ்வொரு பயன்பாட்டு நிரலும் இதனைத் தானே வேண்டிப் பெற்றது. 2025இல் வெளிவந்த 6.15ஆம் பதிப்பிலோ, உட்கருவில் ஏற்றப்பெறும் பிபிஎஃப் என்னும் சிறு நிரலே எப்பொதிக்குக் குறியிடுவது எனத் தெரிந்தெடுக்கும். பயன்பாட்டு நிரலை மாற்ற வேண்டுவதில்லை.

குறிகளின் இடைவெளியே தாமதித்த இடத்தைக் காட்டும். ஒரே காலங்குறித்த ஆவணம், செப்பேடாயினும் பொதியாயினும், அதனை உரைக்க மாட்டாது.