கட்டட வேலையும் ஒப்பந்த முறையும்

தானியக் கிடங்கு, நெற்களம், கிணறு, வாய்க்கால் மதகு, மாட்டுக் கொட்டகை முதலியன வேளாண்மைக்கு இன்றியமையாதன. இவற்றைக் கட்டிக் கொடுப்போருள் சிறு முதலுடைய ஒப்பந்தக்காரர் பலர். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் முன்பணம் கட்டி, கொத்தனுக்கும் சிற்றாளுக்கும் வாரந்தோறும் கூலி கொடுத்து, ஈற்றில் தம் தொகைக்குக் காத்திருப்போர் இவர்களே. வேலை முடிந்தபின் எழும் தகராறுகள் யாவும் வேலையின் தரத்தைப் பற்றியன அல்ல. இன்ன வேலையை, இன்ன விலைக்கு, உத்தரவிடும் அதிகாரமுடைய இன்னார் சொற்படி செய்தது என்று காட்ட முறையான எழுத்து இல்லாமையும் தகராறுக்குக் காரணமாகும். இதனை விளக்க வங்காளத்தில் நிகழ்ந்த வழக்கொன்று தக்க சான்றாகும்.

ஆராம்பாக் கிடங்குகள்

1943-ஆம் ஆண்டில் வங்காளம் கொடிய பஞ்சத்துக்கு உள்ளாயிற்று. அடுத்த ஆண்டில், அம்மாகாணச் சிவில் சப்ளை இலாகாவுக்காக ஊக்ளி ஜில்லாவைச் சேர்ந்த ஆராம்பாகில் தற்காலிகக் கிடங்குகள் கட்டித்தர பி. கே. மண்டல் அண்டு ஸன்ஸ் என்னும் ஒப்பந்தக் கம்பெனியார் முன்வந்தனர். இலாகா ஏப்ரல் 12-ஆம் தேதிக் கடிதத்தால் அதனை ஏற்றது. வேலை முடிந்து, பில் தொகையாகிய ரூ. 39,476 ஜூலை மாதத்தில் செலுத்தப்பட்டது.

இதற்கிடையில் அவ்விடத்திலேயே மண்சாலை, காவலர் அறை, காரியாலயம், சமையலறை, குமாஸ்தாக்கள் அறை ஆகியவற்றையும் கட்டுமாறு இலாகா அதிகாரி ஒருவர் நேரில் வந்து சொன்னதாகக் கம்பெனியார் கூறினர். இவ்வேலைக்கு ரூ. 2,322-8-0 பில் அனுப்பப்பட்டது. பின்னர் கானாகுல் என்னும் ஊரில் சேமிப்புக் கொட்டகைகள் கட்டும்படி உதவி டைரக்டர் ஏப்ரல் 18-ஆம் தேதி கடிதம் எழுதினார். அவ்வேலையும் முடிந்து மே 18-ஆம் தேதி ரூ. 17,003 பில் அனுப்பப்பட்டது. இவ்விரு பில்களும் பட்டுவாடா ஆகவில்லை. கட்டடங்களையோ இலாகா ஏற்று உபயோகித்து வந்தது.

கம்பெனியார் கல்கத்தா ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். 1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம் 175(3)-ஆம் பிரிவின்படி, மாகாண சர்க்காரின் ஒப்பந்தம் கவர்னர் பெயரால், அதிகாரம் பெற்றவரால் செய்யப்படவேண்டும். இவ்வேலைகளுக்கு அவ்வித ஒப்பந்தம் இல்லை என்று சர்க்கார் தரப்பில் வாதிக்கப்பட்டது. செல்லத்தக்க ஒப்பந்தம் இல்லை என்பதைக் கோர்ட்டும் ஏற்றது. ஆயினும் கம்பெனியார் வெறுங்கையுடன் திரும்பவில்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு அவர்களுக்குத் துணையாயிற்று.

70-ஆம் பிரிவு கூறுவது

ஒருவர் மற்றொருவருக்காக நியாயமான முறையில் வேலை செய்திருத்தல், அதனை இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாதிருத்தல், மற்றவர் அதன் பயனை அநுபவித்திருத்தல் என்னும் மூன்றும் பொருந்துமாயின், பயன் பெற்றவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவராவர். வேண்டாத வேலையை மறுக்க அவருக்கு உரிமையுண்டு. மறுக்காது ஏற்று உபயோகித்தபின், ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிக் கை கழுவ இயலாது. 1961-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இக்கொள்கையை உறுதிப்படுத்தி, சர்க்காரின் அப்பீலைத் தள்ளிற்று.

நீதி கிடைத்தது மெய்யே. எனினும் 1944-இல் செய்த வேலையைப் பற்றிய வியாஜ்யம் முடிவு காண 17 ஆண்டுகள் சென்றன என்பது மறக்கற்பாலதன்று. இத்தனை ஆண்டுகள் கூலியையும் கடன் வட்டியையும் தாங்கவல்ல சிறு ஒப்பந்தக்காரர் எத்தனை பேர்? மேலும் இப்பிரிவால் கிடைப்பது செய்த வேலையின் நியாயமான ஈடே; ஒப்பந்தத்தை மீறியதற்கான நஷ்ட ஈடு இதன்கீழ்க் கிடையாது. ஆகையால் இப்பிரிவை இடர்வந்த காலத்துப் புகலிடமாகக் கொள்ளலாமேயன்றி, எழுத்துக்கு மாற்றாகக் கருதலாகாது. இன்றும் அரசியலமைப்பின் 299-ஆம் பிரிவு அதே விதியை வற்புறுத்துகின்றது. சர்க்கார் ஒப்பந்தங்கள் ஜனாதிபதி அல்லது கவர்னர் பெயரால், அதிகாரம் பெற்றவரால் கையொப்பமிடப்பட வேண்டும்.

கடைப்பிடிக்கத் தக்கவை

1. தனியாரிடையே வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். ஆனால் அதனை மெய்ப்பிப்பது அரிது. வேலையின் அளவு, சாமான்களின் தரம், விகிதம், தவணை ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுக.

2. கிணறு வெட்டுகையில் பாறை தட்டுவதுண்டு. கிடங்கின் சுவரை ஓரடி உயர்த்தச் சொல்வதுண்டு. கூடுதல் வேலை ஒவ்வொன்றுக்கும் தொடங்குமுன்னரே தனிச் சீட்டுப் பெறுக. சொல்பவருக்கு அவ்வாறு உத்தரவிட அதிகாரம் உண்டா என்பதையும் கேட்டறிக.

3. கடைகாலைப் போன்று மண்ணால் மூடப்படும் வேலைகளை மூடுமுன் இருதரப்பாரும் அளந்து குறித்துக்கொள்க.

4. வேலை தாமதமானால், கட்டுவிப்போர் நஷ்ட ஈடு கேட்க நினைப்பின், வேலையை ஏற்கும்போதே அதனை அறிவித்தல் வேண்டும். காலம் முக்கியமான ஒப்பந்தத்தில் அறிவிக்காது ஏற்றவர் பின்னர்க் கேட்க இயலாது என்பது 55-ஆம் பிரிவின் கருத்து.

5. தாமதத்துக்கு இவ்வளவு தண்டம் என்று எழுதியிருப்பினும், அத்தொகை அப்படியே கிடைத்துவிடாது. அதற்கு மேற்படாமல் நியாயமான ஈட்டையே 74-ஆம் பிரிவு அளிக்கின்றது.

6. பணத்துக்குத் தவணை குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாள் முதல் 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். “அடுத்த அறுவடைக்குத் தருகிறேன்” என்னும் வாய்ச்சொல்லால் இக்கெடு நீளாது. கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட எழுத்து இருப்பின், அந்நாள் முதல் புதுக்கெடு தொடங்கும்.

7. தகராறு நேரின் முதலில் லோக் அதாலத்தை நாடலாம். இருதரப்பும் இசைந்து அங்குப் பெறும் தீர்ப்பு சிவில் கோர்ட்டு டிக்கிரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை.

பயிரிடுவோரும் கட்டுவோரும் ஒருவரையொருவர் அண்டி வாழ்பவர்கள். எழுத்துக் கேட்பது அவநம்பிக்கையின் அறிகுறியன்று. இருவர் நட்பையும் காக்கும் வேலியே அது. ஆகவே கடைகால் தோண்டுமுன் காகித வேலையை முடித்துக்கொள்வது இருதரப்பாருக்கும் நலம் பயக்கும்.